ஸ்ட்ராட்டா ஃபுளோரிடா மடம்: கேட்டவையும் பதில்களும்

அக்கா, வேல்ஸ் போகிறோம். டின்டர்ன் மடத்தைப் பார்த்தால் போதாதா? ஸ்ட்ராட்டா ஃபுளோரிடாவும் போக வேண்டுமா?

போட்டோ எடுக்க டின்டர்ன்தான். அங்கே கூரைதான் இல்லை, சுவர்கள் ஓங்கி நிற்கும். இங்கே ஒரு வாசல் வளைவு, மற்றபடி பெரும்பாலும் தாழ்ந்த சுவர்கள். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். 1164இல் தொடங்கிய இந்த சிஸ்டெர்சியன் (ஒரு கத்தோலிக்கத் துறவியர் பிரிவு) மடத்தை வளர்த்தவர் தென் வேல்ஸை ஆண்ட ரீஸ். 1238இல் வட வேல்ஸை ஆண்ட லெவெலின் மற்ற சிற்றரசர்களை இங்கேதான் வரவழைத்து, தன் மகன் டாவித்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் வாங்கினார்.

எதை விடாமல் பார்க்கணும்?

முதலில் மேற்கு வாசல். உருண்டையான கல் வரிகள் தரையிலிருந்து எழுந்து, நடுவில் போதிகை (தூணின் தலைப்பகுதி) எதுவும் இல்லாமல், வளைந்து மறுபக்கம் இறங்கும். அவற்றைக் குறுக்கே கட்டியதுபோல் கல்பட்டைகள். ஒவ்வொன்றின் நுனியும் சுருண்டிருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் தரை ஓடுகள். சின்ன வழிபாட்டு அறைகளில் கூரை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு ஓட்டில், இறுக்கமான சட்டை போட்ட ஆள் கையில் கண்ணாடியோடு நிற்பான். துறவிகளின் தரையில் இந்த மைனருக்கு என்ன வேலை? தற்பெருமையைக் கண்டிக்கும் படம் என்கிறார்கள். எனக்கென்னவோ வரைந்தவர் ரசித்துத்தான் வரைந்திருக்கிறார்.

காலுக்கு மட்டும் கல்லறை இருக்காமே, புருடாவா?

உண்மைதான். பக்கத்துத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஹென்றி ஹியூஸ் என்ற பீப்பாய்த் தொழிலாளியின் இடது காலும் தொடையில் ஒரு பகுதியும் வெட்டப்பட்டு, 1756 ஜூன் 18 அன்று இங்கே புதைக்கப்பட்டதாகக் கல்லிலேயே பொறித்திருக்கிறது.

கவிஞர் டாவித் அப் க்விலிம் சமாதியும் அங்கேதானே?

அந்தத் தோட்டத்து யூ மரத்தடியில் என்பது நெடுநாள் நம்பிக்கை. நினைவுக்கல்லும் உண்டு. டாலி என்ற இன்னொரு வேல்ஸ் மடத்துக்காரர்களும் அவரை உரிமை கொண்டாடுகிறார்கள். பஞ்சாயத்து தீராது.

மடம் எப்படி இடிந்தது?

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து வேல்ஸ் தலைவர் கிளின்டூர் நடத்திய கலகத்தின்போது இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியின் படை உள்ளே புகுந்து குதிரைகளைக் கட்டியது. அதிலிருந்தும் மீண்டது. எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோதுதான், 1539இல், கதை முடிந்தது.

கார் இல்லாமல் போகலாமா?

சிரமம். பக்கத்து ரயில் நிலையம் அபெரிஸ்ட்வித். அங்கிருந்து டாக்சி பிடிப்பது மேல். புல் எப்போதும் ஈரம், அதனால் நல்ல ஷூ போடுங்கள். அபெரிஸ்ட்வித்தில் நேரம் மிஞ்சினால் தேசிய நூலகத்தில் நான்டியோஸ் கிண்ணத்தையும் பாருங்கள். இந்த மடத்திலிருந்து நான்டியோஸ் மாளிகைக்குப் போனதாகக் கதை சொல்லப்படும் உடைந்த மரக் கிண்ணம் அது.