பழைய கேம்களுக்கு எது நல்லது: பிஎஸ்பியா, டிஎஸ் லைட்டா, வீட்டாவா?

கேம்பாய் அட்வான்ஸ், சூப்பர் நிண்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன் ஆகியவற்றின் கேம்களை எமுலேட்டரில் (ஒரு கருவியின் கேமை வேறொரு கருவியில் ஓட்டும் மென்பொருளில்) ஆட, சோனியின் பிஎஸ்பி, வீட்டா, நிண்டெண்டோவின் டிஎஸ் லைட் ஆகிய பழைய கையடக்கக் கருவிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் “செல்போனிலேயே எல்லாம் ஓடுமே” என்று ஒருவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஓடுவது வேறு, ஆட முடிவது வேறு. கண்ணாடித் திரையில் எங்கே விரல் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு பள்ளத்தைத் தாண்டிப் பாருங்கள், தெரியும்.

நீங்கள் சிறுவயதில் இவற்றில் ஏதோ ஒன்றை ஆடியிருப்பீர்கள். இப்போது வேலை, குடும்பம் எல்லாம் போக இரவில் அரை மணி நேரம் கிடைக்கும். அப்படியானால் எந்தக் கருவி வேகமானது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த அரை மணி நேரத்தில் மூன்றில் எந்தக் கேம்களை அதிகம் ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

மதர் 3 என்றொரு கேம் 2006இல் கேம்பாய் அட்வான்ஸுக்காக ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. அதன் சண்டைக் காட்சிகளில் பின்னணி இசையின் தாளத்தோடு சேர்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தாளம் தவறாவிட்டால் ஒரு அடி பதினாறு அடியாக நீளும். ஒரு தட்டு பிசகினால் அங்கேயே அறுந்துவிடும். தாளம் பிடிபடாதவர்களுக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்: எதிரியைத் தூங்கவைத்தால் இசையோடு இதயத் துடிப்பும் கேட்கும், அதைப் பின்பற்றித் தட்டலாம். ரசிகர்கள் 2008இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை கிடைத்தது.

அதை நான் ஆடத் தொடங்கியது அக்கா கொடுத்த பிஎஸ்பி 1000இல், அதாவது பிஎஸ்பியின் முதல் மாடலில். அதில் இருக்கும் நினைவகமே 32 எம்பி. அதிலும் வெளி மென்பொருளுக்குக் கிடைப்பது 24 எம்பிதான். மதர் 3 மட்டுமே 32 எம்பி. முழுக் கேமையும் நினைவகத்தில் வைக்க இடமில்லாததால், ஜிபிஎஸ்பி எமுலேட்டர் தேவையான துண்டுகளை மெமரி கார்டிலிருந்து அவ்வப்போது படித்துக்கொள்ளும். புதிய ஊருக்குள் நுழையும்போதெல்லாம் படம் அரை நொடி திக்கி நிற்கும், இசை கீறலாகக் கேட்கும். நான் கார்டைக் குறை சொன்னேன், அமைப்புகளைக் குறை சொன்னேன், எமுலேட்டரின் ஆறேழு பதிப்புகளை மாற்றிப் பார்த்தேன். காரணம் நினைவகம் என்று தெரிய ஒரு வருடம் ஆனது. பிறகு 64 எம்பி கொண்ட பிஎஸ்பி 3000 கிடைத்தது. திக்கல் போய்விட்டது.

ஆனால் என் அடி ஆறைத் தாண்டவில்லை. எத்தனை இரவு தட்டியிருப்பேன்! எதிரியைத் தூங்கவைத்து, இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, துடிப்போடு துடிப்பாகத் தட்டினாலும் ஐந்து, ஆறு, முடிந்தது. எனக்குத் தாளமே வராது என்று நம்பத் தொடங்கிவிட்டேன். பள்ளியில் மிருதங்கம் கற்றவன் நான்.

பிறகு ஒரு நண்பரின் டிஎஸ் லைட்டில் அசல் ஜப்பானிய கார்ட்ரிட்ஜைச் செருகி ஆடிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்த இடம் என்பதால் நேராகச் சண்டைக்குப் போனேன். முதல் முயற்சியில் பதினொன்று. மூன்றாவது முயற்சியில் பதினாறு. கடைசித் தட்டு விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

நடந்தது இதுதான். ஒலி அறுந்து அறுந்து கேட்காமல் இருக்க, எமுலேட்டர் சிறிதளவு ஒலியை முன்கூட்டியே தயாரித்துச் சேமித்துவைத்து ஒலிக்கவிடுகிறது. அந்தச் சேமிப்பு பெரிதாக இருந்தால், காதுக்கு வரும் தாளம் கேம் தனக்குள் எண்ணும் தாளத்தைவிடப் பிந்திவிடும். நான் காதுக்குத் தட்டினேன், கேம் தன் கணக்குக்குக் காத்திருந்தது. டிஎஸ் லைட்டில் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் அங்கே நடப்பது எமுலேஷன் அல்ல. அதற்குள் இருக்கும் இரண்டு செயலிகளில் ஒன்றான ஏஆர்எம்7, கேம்பாய் அட்வான்ஸில் இருந்த அதே வகை. கார்ட்ரிட்ஜைப் போட்டதும் அது பழைய வேகத்துக்கு இறங்கி கேமை நேரடியாகவே ஓட்டுகிறது. படமும் அப்படியே: 240க்கு 160 பிக்சல், 256க்கு 192 பிக்சல் திரையின் நடுவில், ஒன்றுக்கு ஒன்றாக.

எனவே உங்கள் அரை மணி நேரம் கேம்பாய் அட்வான்ஸுக்கு என்றால், தயங்காமல் டிஎஸ் லைட். 2008இல் வந்த டிஎஸ்ஐயை எடுத்துவிடாதீர்கள். அந்த கார்ட்ரிட்ஜ் துளையை அதில் நீக்கிவிட்டார்கள். “காப்புரிமை என்னாவது?” என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: என் கேம்களை என் கார்ட்ரிட்ஜிலிருந்தே பிரதி எடுத்தேன். அதற்குத் தேவையான சிறு மென்பொருள் டிஎஸ் லைட்டிலேயே ஓடும். ஆடி நிறுத்திய இடத்தைப் பதிந்துவைத்திருக்கும் சேவ் கோப்பையும் அது எடுத்துத் தரும், அதுதான் எனக்குப் பெரிது.

சூப்பர் நிண்டெண்டோவுக்கு டிஎஸ் வேண்டாம். 224 வரிகள் கொண்ட படத்தை 192 வரிகளில் அடைக்க வேண்டும். ஒன்று நசுங்கும், இல்லையேல் ஓரம் வெட்டுப்படும். நினைவகமும் 4 எம்பி மட்டுமே, வேகமும் கைகொடுக்காது.

முதல் பிளேஸ்டேஷன்தான் உங்கள் ஆசை என்றால் பிஎஸ்பியை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். சோனி தன் பழைய கேம்களை விற்பதற்காகத் தானே எழுதிய எமுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. 320க்கு 240 படம் 480க்கு 272 திரையில் இழுக்காமல் சுருக்காமல் உட்காரும். சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினால் தூங்கும், மறுநாள் அதே இடத்தில் விழிக்கும். அரை மணி நேரக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் இருக்கும் எல்2, ஆர்2 பொத்தான்கள் இதில் இல்லாதது குறைதான். கேம்பாய் அட்வான்ஸ் படத்தை அதில் உயரம் முழுக்கப் பெரிதாக்கினால் 1.7 மடங்கு வருகிறது. சில பிக்சல்கள் ஒன்றாகவும் சில இரண்டாகவும் விழும். திரை நகரும்போது எழுத்துகள் நெளியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறையாது. வீட்டாவின் 960க்கு 544 திரையில் அதே படம் சரியாக மூன்று மடங்கு, 720க்கு 480 ஆக விழுகிறது. கூர்மை என்றால் அதுதான். மூன்று வகையையும் ஒரே கருவியில் ஆட வேண்டும் என்றால் வீட்டாதான் என் பதில். மெமரி கார்டுக்கு மட்டும் முதலிலேயே வழி பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கென்றே தனி வடிவில் செய்த கார்டு அது. கேம் கார்டு துளையில் மைக்ரோ எஸ்டியைச் செருகும் அடாப்டர் வந்தபிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் என் மனம் பிஎஸ்பி பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம் உண்டு: பேட்டரி. ஒரு நாள் பிஎஸ்பியின் பின்மூடி சரியாகப் பூட்டவில்லை. திறந்தால் பேட்டரி தலையணைபோல உப்பியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன், வேறொன்றைப் போட்டேன், இரண்டு நிமிடம். அதே மாதம் என் செல்போன் பேட்டரியும் உப்பியது. பழுதுபார்ப்பவர் சூட்டுக்காற்றால் பசையை இளக்கும்போது திரை விரிசல் விட்டது. அதற்கும் சேர்த்து என்னிடமே பணம் வாங்கினார். பேட்டரி தேயும் பொருள் என்று செய்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பசை போட்டு ஒட்டுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு போனைத் தேய்ந்துபோன ஒரு பாகத்துக்காகத் தூக்கியெறிய வைப்பதை வடிவமைப்பு என்று எப்படி ஏற்பது? மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. 2004இல் வந்த பிஎஸ்பி இன்றும் என் மேசையில் ஓடுகிறது, அந்தப் போன் ஓடவில்லை.

வாங்கப் போகும்போது கையில் எடுத்துப் பாருங்கள். டிஎஸ் லைட் என்றால் வலது கீலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, எல், ஆர் பொத்தான்கள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பதில் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிஎஸ்பி என்றால் பின்மூடி தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். திசைப் பொத்தானில் மூலைவிட்டங்களை நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள், சண்டை கேம் ஆடுபவர்களுக்கு அதன் பலவீனம் அங்கேதான். மதர் 3 வைத்திருக்கும் யாராவது அருகில் இருந்தால் தூங்கும் எதிரியிடம் பதினாறு வரை எண்ணிப் பாருங்கள். எது வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.