வெயில் அடிக்கிறது, விமானம் ஏன் கிளம்பவில்லை?

"மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். சென்ற ஜூலையில் ஒரு மாலை, நியூவர்க்கிலிருந்து சிகாகோ செல்ல விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு வெகுநேரம் தரையிலேயே நின்றோம். வெளியே நல்ல வெயில். இம்முறை பக்கத்திலேயே நியூயார்க்கில் உள்ள ஜேஎஃப்கே அல்லது லாகார்டியா விமான நிலையத்திலிருந்து டிக்கெட் எடுத்தால் தப்பிக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பெரிதாகத் தப்பிக்க முடியாது. ஓடுபாதைகள் வேறு வேறு, வானம் ஒன்றுதான். ஜேஎஃப்கேவுக்கும் லாகார்டியாவுக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் நியூவர்க். அதற்கு வடக்கே, தனியார் ஜெட்கள் வந்துபோகும் டீட்டர்பரோ விமான நிலையம். இந்த வான்வெளியில் இரண்டு விமானங்களுக்கு நடுவே பொதுவாகப் பக்கவாட்டில் 3 கடல் மைலோ, உயரத்தில் 1,000 அடியோ இடைவெளி இருந்தாக வேண்டும்.

நெருக்கடி எவ்வளவு என்பதற்கு டீட்டர்பரோவே சாட்சி. அங்கே 24-ஆம் ஓடுபாதையிலிருந்து எழும் ஜெட்களுக்கு உள்ள ஒரு வழித்தடத்தில், 1,500 அடியில் ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். குறித்த புள்ளியைத் தாண்டிய பிறகே 2,000 அடி. தலைக்கு மேலே நியூவர்க்கில் இறங்கும் விமானங்கள் போய்க்கொண்டிருக்கும். புறப்பட்ட சில நொடிகளிலேயே இந்த உயரம் வந்துவிடுவதால் தவறி மேலே ஏறிவிடுவதும் உண்டு. விமானிகளை இது குறித்துத் திரும்பத் திரும்ப எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது. இத்தகைய குறுக்கீடு இருக்கும்போது, ஓடுபாதை காலியாக இருந்தாலும் மேலே இடம் கிடைக்கும்வரை விமானத்தை அனுப்ப முடியாது.

உங்களை நிறுத்தியது பெரும்பாலும் வேறொன்று. மேற்கே போகும் விமானங்கள், எந்த நிலையத்திலிருந்து கிளம்பினாலும், இந்த நெரிசலான வான்வெளியிலிருந்து வெளியேற வகுக்கப்பட்ட ஒரு சில புள்ளிகள் வழியாகவே போகின்றன. பென்சில்வேனியா மேலே இடிமழை வந்து அவற்றில் சில மூடப்பட்டால், மூன்று நிலையங்களின் விமானங்களும் மிச்சமிருக்கும் வழிக்கு வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் விடுவார்கள். நியூவர்க்கில் வெயில் அடித்தாலும் இதுதான் கதி. லாகார்டியாவில் இருப்பதோ ஒன்றையொன்று வெட்டும் இரண்டே ஓடுபாதைகள். அங்கே மாறுவதில் லாபம் இல்லை.

நிலையத்தைவிட நேரத்தை மாற்றுவதே பலன் தரும். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும் என்பதால், காலை முதல் விமானங்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படியான டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் இணையதளத்தில் மூன்று நிலையங்களின் நிலவரத்தையும் பாருங்கள். மேற்கு நோக்கிய புறப்பாடுகளுக்கு வானிலைத் தாமதம் என்று ஓரிடத்தில் காட்டினாலே, உங்கள் விமானமும் தாமதமாகலாம் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.