சங்கக் கூட்டத்தைச் செலவில்லாமல் ஆன்லைனில் நடத்துவது எப்படி?

உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நாற்பது வீடு, நாலைந்து பேரிடம் பட்டன் போன்தான் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் மீட் போதும். இலவசக் கணக்கிலேயே 100 பேர் சேரலாம், 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஜூமில் இலவசம் 40 நிமிடம்தான். மீட்டின் இந்த ஒரு மணி நேரக் கெடுவும் நல்லதுக்கே; எங்கள் சங்கத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம் ஓடும். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேருக்கு மேல் ஏறாது.

பட்டன் போன்காரர்களை ஒருவர் தன் இன்னொரு போனில் கான்ஃபரன்ஸ் போட்டு இணைத்து, ஸ்பீக்கரை ஆன் செய்து லேப்டாப் அருகே வைக்கட்டும். ஒட்டி வைத்தால் 'கொய்ங்' என்று இரையும், ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். அவர்கள் பேசும்போது லேப்டாப் மைக்கைத் திறந்துவிட வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மற்றவர்கள் மைக்கையும் வீடியோவையும் அணைத்துவிட்டால் டேட்டாவும் மிச்சம், குக்கர் விசிலும் கேட்காது. "யாராவது கருத்து சொல்லுங்க" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டு எண்ணைச் சொல்லி வரிசையாகக் கூப்பிடுங்கள். அப்புறம், முடிவுகளை அன்றே இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாகக் குழுவில் போட்டுவிடுங்கள். பட்டன் போன்காரர்களுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.