மஸ்கடே ஒயின் நாக்கில் சுருக்கென்றால்

மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினின் புது பாட்டிலைத் திறந்ததும் கிளாஸ் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழ், நாக்கில் லேசான சுருக், பழவாசனையும் பெரிதாக இல்லை, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை.

லேபிளில் 'சுர் லி' (மண்டியின் மேல் என்று பொருள்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒயின் நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை நீக்காமல், அதன் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து பாட்டிலில் அடைப்பார்கள். கரைந்திருக்கும் கரியமில வாயுவில் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். அந்தச் சுருக் அதுதான். ரொட்டி மாவு போன்ற மெல்லிய வாசமும் மண்டி தந்தது. காடி நெடி அடித்தாலோ, நிறம் பழுப்பேறியிருந்தாலோ மட்டும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பழவாசனை குறைவு என்பது இந்தத் திராட்சையின் குணம். பிரான்சில் லுவார் நதி அட்லாண்டிக்கில் சேரும் பக்கம், நான்த் நகரைச் சுற்றி விளைவது. 1709இன் கொடும் பனியில் அங்கே கொடிகள் பட்டுப்போக, மஸ்கடேக்கான திராட்சையான, குளிர் தாங்கும் மெலோன் த பூர்கோஞ் ரகம்தான் பெருவாரியாகப் பரவியது. வாசனை கம்மி, புளிப்பு தூக்கல். தனியாகக் குடித்தால் சப்பென்றுதான் இருக்கும் (எனக்கும் அப்படித்தான்). அந்த ஊர்க்காரர்கள் சமைக்காத சிப்பியோடு குடிக்கிறார்கள். சிப்பி கிடைக்காவிட்டால் உப்பும் எலுமிச்சையும் போட்ட மீனோ இறாலோ போதும். நன்றாகக் குளிரவைத்து, மிச்சத்தை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.