சாணைக்கல் ஆடுகிறதா? முதலில் ஃபிளேஞ்சைப் பாருங்கள்

கேள்வி: மரவேலைக்காக 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் வாங்கினேன். ஓடும்போது கல் பக்கவாட்டில் ஆடுகிறது. உளி தீட்டினால் முனை நீலம் பாய்ந்துவிடுகிறது. கல்லை மாற்றினால் சரியாகுமா? எந்த நம்பர் கல் போடுவது?

பதில்: கல்லுக்குச் செலவழிக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கல்லையும் கழற்றுங்கள். இடப்பக்க நட்டுக்கு இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிறகு வெறும் மோட்டாரை ஓடவிடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் ஷாஃப்ட்டிலோ பேரிங்கிலோ கோளாறு. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதிராமல் ஓடினால் எனக்கு ஃபிளேஞ்ச் மேல்தான் சந்தேகம், அதாவது கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வட்டுகள் மேல். விலை குறைந்த கிரைண்டர்களில் தகட்டை அழுத்தி எடுத்த வட்டைத்தான் மாட்டித் தருகிறார்கள். அது லேசாக நெளிந்திருந்தாலே கல்லின் விளிம்பு நன்றாக ஆடும். லேத் பட்டறையில் ஒரே அளவில் இரண்டு கடைந்து வாங்குங்கள். விட்டம் கல்லில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், அதாவது உங்களுக்கு 2 அங்குலம். நடுவில் சற்றுக் குழித்து, விளிம்பு மட்டும் கல்லில் படும்படி கடையச் சொல்லுங்கள். துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் லொடலொடவென்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தை மட்டும் பிய்த்துவிடாதீர்கள், ஃபிளேஞ்சின் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான்.

இன்னும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமா? நட்டைத் தளர்த்தி, கல்லை மட்டும் கால் சுற்றுத் திருப்பி இறுக்கிப் பாருங்கள். கல்லின் கோணலும் ஃபிளேஞ்சின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவது உண்டு. கல் மேலும் கீழும் துள்ளினால் அது வேறு கதை: வட்டம் சரியில்லை, கல்லின் முகத்தைச் சமமாக்கும் கருவியான வைர டிரெஸ்ஸரால் சீவ வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு டிரெஸ்ஸர் உதவாது.

சரி, நம்பருக்கு வருவோம். அது கல்லின் துகள் அளவு, நம்பர் கூடக்கூடக் கல் நைஸ். கூடவே வரும் சாம்பல் நிறக் கற்கள் பெரும்பாலும் 36, 60 ஆக இருக்கும். 36 வெல்டிங் பிசிறு தேய்க்க, 60 டிரில் பிட்டுக்கு. உளிக்கு 80 நம்பர் வெள்ளைக் கல் போடுங்கள். 120 வேண்டாம், கை பழகாதவரை நைஸ் கல் சீக்கிரம் சூடேற்றிவிடும்.

ஆனால் முனை சூடேறி நீலம் பாய்வதற்கு நம்பரைவிடக் கல்லின் கெட்டித்தன்மைதான் பெரிய காரணம். லேபிளில் நம்பருக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். ஏ மிக மெத்து, இசட் மிகக் கெட்டி. கெட்டிக் கல்லில் மழுங்கிய துகள்கள் உதிராமல் நின்று, இரும்பை வெட்டாமல் உரசிச் சூடாக்கும். உளிக்கு எச் முதல் கே வரை போதும். கல்லை அடிக்கடி டிரெஸ் செய்து, உளியை நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குங்கள்.

புதுக் கல்லை மாட்டுமுன் துளையில் விரல்விட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். சொத்தென்று கேட்டால் விரிசல், மாட்டவே கூடாது. லேபிளில் உள்ள ஆர்.பி.எம். மோட்டாருடையதைவிடக் குறையக் கூடாது. மாட்டியதும் கவர் போட்டு, ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிட்ட பிறகு உளியை எடுங்கள்.