மெழுகுவத்தியா, ஆரத்தியா?

கேள்வி: மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். கேக்கில் மெழுகுவத்தி ஊத வேண்டும் என்கிறாள், விளக்கை ஊதி அணைப்பது ஆகாது என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டு பேரும் சொல்வது சரிதான். அக்கம்பக்கத்து மராத்தி வீடுகளில் பிறந்தநாள் பிள்ளையை உட்காரவைத்து, குங்குமமிட்டு, கொட்டைப்பாக்கும் தங்க மோதிரமும் முகத்தைச் சுற்றிக் காட்டி, விளக்கால் ஆரத்தி எடுப்பார்கள், ஔக்ஷண் என்று பெயர். மாமியார் கையால் அதை எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் கேக். நட்சத்திரம் வேறு நாளில் வந்தால் அன்றைக்குக் கோயிலில் அர்ச்சனை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கொரியா வழக்கம்: பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கிற கடற்பாசி சூப்பையே அங்கே பிறந்தநாளன்று சாப்பிடுவார்கள். அன்று பாயசத்தில் முதல் கரண்டியை மகள் உங்களுக்கு ஊட்டட்டும்.