‘மிகையான விலை’ என்பதை நீதிமன்றம் எப்படி அளக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் ஒரு விலை ‘மிகையானது’ என்பதை நீதிபதிகள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளாதார மதிப்போடு நியாயமான தொடர்பற்ற விலையே மிகையானது என்று சந்தைப் போட்டியைக் காக்கும் 1998ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் கூறியது; அம்மதிப்பைக் கணக்கிடும் வழியைச் சொல்லவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் காவடிக்கு முதல்நாள் கறிவேப்பிலைக் கட்டு விலை ஏறினால் நாம் முணுமுணுப்போம், ஆனால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம் என்பதால் அது வழக்காவதில்லை. உருக்கு அப்படியல்ல; அங்கே போக வேறு கடை எளிதில் கிடைக்காது. மிட்டல் ஸ்டீல் என்ற உருக்கு நிறுவனம் மிகையான விலை வைத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2007இல் போட்டித் தீர்ப்பாயம், விலையைக் கணக்கிடுவது தன் வேலையன்று என ஒதுங்கி, சந்தையின் அமைப்பைப் பார்த்தே 69 கோடி ராண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. 2009இல் அதை ரத்து செய்த போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம், நீண்டகாலப் போட்டிச் சமநிலையில், அதாவது போட்டி நெடுங்காலம் நடந்து விலை நிலைபெறும் நிலையில், நிலவக்கூடிய கற்பனை விலையே பொருளாதார மதிப்பு என்றும், அதைப் பண அளவில் காட்டியாக வேண்டும் என்றும் விளக்கியது. பாடநூல் வரைபடத்தின் ஒரு கோடு இவ்வாறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டிய பொருளாயிற்று. எந்தத் தொழிற்சாலைக் கணக்கேட்டிலும் அந்தச் சமநிலையைக் காண முடியாது என்பதால், இது வழக்குத் தொடுப்பவர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றியது என்றே நான் கருதுகிறேன்.

2018ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலைப் பொருளாதார மதிப்பிலிருந்து போட்டி விலைக்கு (போட்டி இருந்தால் நிலவும் விலைக்கு) மாற்றி, செலவு, லாபம், பிற சந்தைகளின் விலை ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னது. 2020இல் முகக்கவச விலை வழக்குகளில், செலவு ஏறிய அளவுக்கு மிஞ்சி விலை ஏறியதே முக்கியச் சான்றாகக் கொள்ளப்பட்டது.